நீதியரசரின் வாக்குக் கணக்கு

2013ஆம் ஆண்டு செப்ரெம்பர் 21ஆம் திகதி நடந்த வடமாகாண சபைத் தேர்தலில், ஓய்வுபெற்ற உயர் நீதிமன்ற நீதியரசர் சி.வி.விக்னேஸ்வரன் யாழ்ப்பாண மாவட்டத்தில் 132,255 விருப்பு வாக்குகளைப் பெற்றார். அதற்கு முன் அவர் எந்தத் தேர்தலிலும் நின்றவரில்லை. 2020 ஓகஸ்ட் 5ஆம் திகதி நாடாளுமன்றத் தேர்தலில், அதே மாவட்டத்தில், சொந்தக் கட்சியின் தலைவராக நின்று அவர் பெற்ற விருப்பு வாக்குகள் 21,554. வென்றார்தான், ஆனால் அவருடைய அணிக்கு நாடு முழுவதிலும் கிடைத்த ஒரேயொரு ஆசனம் அது. 2024இல் அவர் போட்டியிடவேயில்லை, கட்சிக்கும் ஆசனமில்லை. இந்த இறக்கத்துக்கு இரண்டு விளக்கங்கள் ஊரில் உலவுகின்றன. கூப்பிட்டு வந்து கதிரை கொடுத்தவர்களுக்கே அவர் எதிராகத் திரும்பினார், சனம் தண்டித்தது என்பார் தமிழரசுக் கட்சிக்காரர். நேர்மையான மனிதரைக் கட்சிக்காரர் கூடிக் கவிழ்த்தார்கள் என்பார் அவருடைய ஆதரவாளர். இரண்டும் ஆளைப் பற்றிய விளக்கங்கள். ஆளை ஒருபக்கம் வைத்துவிட்டு, அவரை அந்தக் கதிரையில் இருத்திய தெரிவைப் பார்க்க வேண்டும். நீதிபதியாக இருந்தார் என்பதற்காகவே ஒருவரை முதலமைச்சராக்கினோம். சபை நடத்துவதும் ஒரு தொழில். அந்தத் தொழில் அவருக்குத் தெரியுமா என்று கட்சியும் கேட்கவில்லை, வாக்காளரும் கேட்கவில்லை. மாகாண சபைத் தேர்தல் என்ற பேச்சு எழும் போதெல்லாம் ஓய்வுபெற்ற நீதிபதி, ஓய்வுபெற்ற அதிகாரி, பேராசிரியர் என்று முதலமைச்சர் தேடல் தொடங்கிவிடுவதால், இந்தக் கணக்கை வேட்புமனுக் காலத்துக்கு முன்னரே பார்த்துவிடுவது நல்லது.

ஏன் அவரைத் தேர்ந்தார்கள் என்பதில் மர்மம் ஏதுமில்லை. 1939இல் கொழும்பில் பிறந்து, றோயல் கல்லூரியில் படித்து, 1979இல் நீதவானாகி, மாவட்ட நீதிபதி, மேல் நீதிமன்ற நீதிபதி, மேன்முறையீட்டு நீதிமன்ற நீதியரசர் என்று படிப்படியாக ஏறி, 2001 முதல் 2004 வரை உயர் நீதிமன்றத்தில் இருந்தவர். 2013 ஜூலையில் தமிழ்த் தேசியக் கூட்டமைப்பு முதலமைச்சர் வேட்பாளரைத் தேடியபோது, அதன் முதன்மைக் கட்சியான தமிழரசுக் கட்சிக்குள் பல காலம் உழைத்த மாவை சேனாதிராசாவின் பெயரும் வலுவாகவே இருந்தது. கூட்டமைப்பின் தலைவர் இரா.சம்பந்தன் நீதியரசரின் பக்கம் நின்றார். ஆயுத இயக்கப் பின்னணி இல்லாதவர், கூட்டமைப்பில் இருந்த எந்தக் கட்சிக்கும் சொந்தமில்லாதவர், கொழும்பிலும் தூதரகங்களிலும் மதிப்போடு பேசக்கூடியவர் என்பவை சொல்லப்பட்ட காரணங்கள். காலமும் பொருந்தி வந்தது. அந்த ஆண்டு ஜனவரியில்தான் பிரதம நீதியரசர் ஷிராணி பண்டாரநாயக்க குற்றப்பிரேரணை கொண்டுவரப்பட்டுப் பதவியிலிருந்து இறக்கப்பட்டிருந்தார். நீதித்துறையையே மிதித்துக்கொண்டு போன ஓர் அரசின் முன்னால் ஒரு நீதியரசரை நிறுத்துவதில் ஒரு செய்தி இருந்தது. அந்தச் செய்தி வாக்காளருக்குப் பிடித்தும் இருந்தது. ஆனால், எந்தக் கட்சிக்கும் சொந்தமில்லாதவர் என்பது தேர்தல் மேடையில்தான் தகுதி. கைதடியில் சபை கூடிய பிறகு, கட்சி உறுப்பினர் 30 பேரை வைத்துக்கொண்டு வேலை செய்ய வேண்டிய ஒருவருக்கு அது பெரும் குறை. அதை அன்று யாரும் உரத்துச் சொல்லவில்லை.

அந்த 132,255 யாருடைய வாக்குகள்? இதை யாழ்ப்பாணத்திலிருந்து கேட்பதைவிட முல்லைத்தீவு மாவட்டத்தின் தண்ணீரூற்றிலிருந்தோ முள்ளியவளையிலிருந்தோ கேட்டால் விடை தெளிவாகும். மாகாண சபைத் தேர்தலின் வாக்குச்சீட்டில் முதலில் கட்சிச் சின்னத்துக்கு எதிரே புள்ளடி. பிறகு அந்தந்த மாவட்டப் பட்டியலில் உள்ள வேட்பாளர் இலக்கங்களில் மூன்றுக்கு மேற்படாமல் புள்ளடி. முதலமைச்சர் வேட்பாளரின் இலக்கம் யாழ்ப்பாணச் சீட்டில் இருந்தது. முல்லைத்தீவுச் சீட்டில் இல்லை. அவருக்கு நேரே புள்ளடி போட வாய்ப்பேயில்லாத இந்த மாவட்டத்தில் கூட்டமைப்பின் வீட்டுச் சின்னம் 28,266 வாக்குகளும் ஐந்தில் நான்கு ஆசனங்களும் பெற்றது. விகிதம் 78க்கு மேல். மாகாணம் முழுவதற்குமான விகிதமும் ஏறக்குறைய அதுவே. நீதியரசரின் பெயர் சீட்டில் இல்லாத இடத்திலும் அலை உயரமாகவே அடித்திருக்கிறது. போர் முடிந்து நான்கு ஆண்டுகள். இடம்பெயர்ந்து மெனிக் பாம் முகாம்களில் கிடந்து திரும்பியிருந்த சனம், இராணுவ அதிகாரியாக இருந்தவரே ஆளுநராக இருந்த மாகாணத்தில், தமக்கென்று ஒரு வாக்கைப் போடக் கிடைத்த முதல் மாகாணத் தேர்தல் அது. அந்த வாக்கு வீட்டுக்கு விழுந்தது. வீட்டின் வாசலில் யார் நின்றாலும் பெரும்பகுதி விழுந்திருக்கும்.

2015 ஓகஸ்ட் பொதுத் தேர்தல் இதற்கு அடுத்த சான்று. முதலமைச்சர் தாம் நடுநிலை என்று அறிக்கை விட்டார். கூட்டமைப்புக்கு வாக்களியுங்கள் என்று அவர் கேட்காததைக் கூட்டமைப்புக்கு எதிரான சாடையாகவே பலரும் எடுத்துக்கொண்டார்கள். இரண்டு ஆண்டுகளுக்கு முன் ஒன்றேகால் இலட்சத்துக்கு மேல் விருப்பு வாக்கு வாங்கியவரின் மௌனம் தேர்தலைப் புரட்டிப்போட்டிருக்க வேண்டும். கூட்டமைப்பு யாழ்ப்பாண மாவட்டத்தின் 7 ஆசனங்களில் 5ஐ எடுத்தது. கூட்டமைப்பை எதிர்த்து நின்ற கஜேந்திரகுமார் பொன்னம்பலத்தின் கட்சிக்கு ஒன்றுமில்லை. வாக்காளர் முதலமைச்சரை மதித்தார்கள். ஆனால் அவர் சொல்லாமல் சொன்னதைக் கேட்டு வீட்டை விட்டு வெளியேறவில்லை.

2013ஐயும் 2020ஐயும் ஒப்பிடுவது நியாயமில்லை என்று ஒருவர் மறுக்கலாம். ஒன்று மாகாண சபை, மற்றது நாடாளுமன்றம். 2020இல் கூட்டமைப்பே யாழ்ப்பாணத்தில் ஐந்திலிருந்து மூன்றுக்கு இறங்கியது. எல்லாருக்கும் குறைந்த தேர்தலில் இவருக்கும் குறைந்தது. மறுப்பில் உண்மை உண்டு. சொல்லப்போனால் அந்த 21,554ஐ இழிவாகப் பேசுவதே தவறு. அந்தத் தேர்தலில் கூட்டமைப்பின் பட்டியலில் வென்ற மூவரில் த.சித்தார்த்தன் பெற்றது 23,840, எம்.ஏ.சுமந்திரன் பெற்றது 27,834. எண்பது வயதில், புதிய சின்னத்தில், புதிய கட்சியில் நின்று அவர்களுக்குப் பக்கத்தில் வந்திருக்கிறார். ஆக, அவருடைய சொந்தப் பெயருக்கு உள்ள வாக்கு இருபதாயிரத்துச் சொச்சம் என்று கொள்ளலாம். மதிக்கத்தக்க தொகைதான் அது. மீதி ஒரு இலட்சத்துப் பத்தாயிரம் வீட்டினுடையது. இந்தப் பிரிப்பை அவரும் செய்துபார்க்கவில்லை, அவரைக் கொண்டுவந்தவர்களும் செய்துபார்க்கவில்லை. மக்கள் ஆணை தமக்கே தனிப்படக் கிடைத்தது என்று அவர் நினைத்தார். தாங்கள் வாங்கிக் கொடுத்த ஆணை என்று கட்சி நினைத்தது. ஐந்து ஆண்டுச் சண்டை முழுவதற்கும் அத்திவாரம் இதுதான்.

இனி சபைக்குள் நடந்ததைப் பார்ப்போம். நீதிமன்றத்தில் வழக்கு நீதிபதியைத் தேடி வருகிறது. இரு தரப்பும் பேசி முடித்த பிறகு அவர் காரணங்களோடு எழுதுகிறார், எழுதியது கட்டளை. அதை நிறைவேற்றுவது பிஸ்கால், பொலிஸ், சிறைச்சாலை என்று வேறு ஆட்களின் வேலை. மாகாண முதலமைச்சருக்கு இதில் ஒன்றும் கிடையாது. அரசியலமைப்பின் 13ஆம் திருத்தத்தின்படி நிறைவேற்று அதிகாரம் ஆளுநருடையது. நியதிச் சட்டத்துக்கு ஆளுநரின் சம்மதம் வேண்டும். பணம் கொழும்பிலிருந்து வர வேண்டும். மாவட்டச் செயலகமும் பிரதேச செயலகமும் மத்திய அரசுக்குக் கணக்குச் சொல்பவை. இந்த ஏற்பாட்டில் ஒன்றைச் செய்விக்க வேண்டுமென்றால் பேச வேண்டும், விட்டுக்கொடுக்க வேண்டும், மறுபடி பேச வேண்டும். 2014இல் தலைமைச் செயலாளர் முதலமைச்சரின் சொல்லுக்கு எவ்வளவு கட்டுப்பட்டவர் என்ற பிணக்கு எழுந்தது. சுற்றறிக்கை பறந்தது. கடைசியில் தலைமைச் செயலாளர் உயர் நீதிமன்றத்துக்குப் போனார். தாம் அமர்ந்திருந்த அதே நீதிமன்றத்தில் முதலமைச்சர் எதிர்மனுதாரர் ஆனார். சுற்றறிக்கை ஒரு தீர்ப்பைப் போல எழுதப்படலாம். அதை ஏற்று நடக்க ஆளில்லாதபோது அது கடதாசிதான்.

2017 ஜூன் நெருக்கடி இன்னும் தெளிவான பாடம். மாகாண அமைச்சர்கள் மீது முறைகேட்டுக் குற்றச்சாட்டுகள் வந்தன. முதலமைச்சர் ஓய்வுபெற்ற நீதிபதிகள் இடம்பெற்ற விசாரணைக் குழு ஒன்றை அமைத்தார். குழு விவசாய அமைச்சர் பொ.ஐங்கரநேசன், கல்வி அமைச்சர் த.குருகுலராசா ஆகிய இருவர் மீது குறை கண்டது. ஜூன் 14ஆம் திகதி முதலமைச்சர் சபையில் எழுந்து, இந்த இருவரையும் பதவி விலகும்படி கேட்டார். குற்றம் நிரூபிக்கப்படாத மற்ற இருவரான ப.சத்தியலிங்கத்தையும் பா.டெனீஸ்வரனையும் ஒரு மாத விடுமுறையில் போகச் சொன்னார். இந்த இரண்டாவது கட்டளைதான் வெடித்தது. இரவோடு இரவாக அவருடைய கட்சி உறுப்பினர்களே ஆளுநர் ரெஜினோல்ட் கூரேயிடம் நம்பிக்கையில்லாப் பிரேரணையோடு போனார்கள். மறுபக்கம் அவருக்கு ஆதரவாக வடக்கில் கடையடைப்பு, ஊர்வலம். ஒரு வாரத்துக்குள் பிரேரணை திரும்பப் பெறப்பட்டது. அன்று அவர் வென்றார் என்றே பத்திரிகைகள் எழுதின.

அந்த ஒரு வாரத்தை நிதானமாகப் பார்த்தால் எல்லாம் அதில் இருக்கிறது. ஊழல் குற்றச்சாட்டை விசாரிக்க முன்வந்தது அவருக்குப் பெருமை. தெற்கில் எந்த முதலமைச்சர் தன் அமைச்சர்களைத் தானே விசாரிக்கக் குழு போட்டார் என்று கேட்டால் பதில் சொல்வது கடினம். ஆனால் அறிக்கை கையில் வந்ததும் அவர் செய்தது நீதிபதி செய்வது. எழுதினார், சபையில் வாசித்தார், எழுந்து போனார். அதற்கு முன் 30 பேரில் 16 பேரையாவது கூப்பிட்டு இருத்தி, இப்படிச் செய்யப்போகிறேன், என்ன சொல்கிறீர்கள் என்று கேட்டிருக்க வேண்டும். கேட்டிருந்தால் அந்தக் கட்டாய விடுமுறை யோசனையை யாராவது ஒருவர் தடுத்திருப்பார். பிறகு, அந்த ஓகஸ்டில் டெனீஸ்வரனை அமைச்சர் பதவியிலிருந்து நீக்கினார். டெனீஸ்வரன் மேன்முறையீட்டு நீதிமன்றம் போனார். அரசியலமைப்பின் 154எப் உறுப்புரை முதலமைச்சரின் ஆலோசனையின் பேரில் ஆளுநரே மற்ற அமைச்சர்களை நியமிப்பார் என்கிறது. நியமிப்பவர் ஆளுநராயிருக்க, நீக்குபவர் முதலமைச்சராக இருக்க முடியுமா என்பதே வழக்கு. 2018இல் நீதிமன்றம் நீக்கத்துக்கு இடைக்காலத் தடை போட்டது; சபையின் ஆயுளின் கடைசி மாதங்கள் அமைச்சர்கள் நால்வரா ஐவரா என்ற குழப்பத்திலேயே கழிந்தன; நீதிமன்ற அவமதிப்பு வழக்கும் சேர்ந்தது. 2019இல், சபையே கலைந்துபோன பிறகு, நீக்கம் சட்டப்படி செல்லாது என்று தீர்ப்பு வந்தது. 25 ஆண்டு நீதிபதியாக இருந்தவர் சட்டத்தில் சறுக்கினார் என்று எள்ளி நகையாட இதைச் சொல்லவில்லை. சட்ட அறிவு இருந்தும் உதவவில்லை என்பதைக் காட்டவே சொல்கிறேன். ஆளுநரோடும் உறுப்பினர்களோடும் பேசி முடித்திருக்கக்கூடிய ஒரு காரியம் வழக்காகப் போனது. வழக்கு சபையைத் தின்றது.

அதிகாரமே இல்லாத சபையில் யார் இருந்திருந்தாலும் இதுதான் நடந்திருக்கும் என்பது வலிமையான மறுப்பு. காணி அதிகாரமும் பொலிஸ் அதிகாரமும் 1987இல் எழுத்தில் வந்தவை, கைக்கு வரவில்லை. கொக்கிளாய், கொக்குத்தொடுவாய்ப் பக்கத்துத் தமிழரின் வயல்கள் மகாவலி எல் வலயத்துக்குள் போனபோது, அது மாகாணங்களுக்கிடையிலான நீர்ப்பாசனத் திட்டம், மத்திய அரசின் விடயம் என்று கதவு சாத்தப்பட்டது. 2018 ஓகஸ்டில் முல்லைத்தீவு நகரில் மகாவலிக்கு எதிராகச் சனம் திரண்டபோது வடமாகாண சபையால் ஊர்வலத்தில் கலந்துகொள்ள முடிந்ததே தவிர, ஒரு எல்லைக் கல்லை நகர்த்த முடியவில்லை. கேப்பாப்பிலவில் 2017 மார்ச்சிலிருந்து, இராணுவம் பிடித்திருந்த சொந்தக் காணிக்கு வெளியே கொட்டில் போட்டு இருந்தவர்களுக்கும் சபை கொடுக்கக்கூடியது ஆறுதல் வார்த்தைதான். முதலமைச்சர் நிதியத்துக்கான நியதிச் சட்டமே அனுமதிக்குக் காத்துக் கிடந்தது. இவை எல்லாம் உண்மை. ஆனால் இந்த மறுப்பு என் வாதத்தைப் பலப்படுத்துகிறதே தவிரத் தகர்க்கவில்லை. அதிகாரம் குறைந்த கதிரைக்குத்தான் பேரம் பேசத் தெரிந்தவர் வேண்டும். கட்டளையிடும் அதிகாரம் நிறைய இருந்தால் கட்டளையிட்டே பழகியவர் ஓரளவு சமாளித்திருப்பார். மாகாணத்தின் கையில் இருந்த சில விடயங்கள், அதாவது மாகாணப் பாடசாலைகள், கிராமத்து வைத்தியசாலைகள், சிறு குளங்கள், மாகாண வீதிகள், உள்ளூராட்சி, கூட்டுறவு ஆகியவை போருக்குப் பிந்திய வன்னியில் சிறிய விடயங்களல்ல. அவற்றுக்கான நியதிச் சட்டங்களை ஒன்றன்பின் ஒன்றாக வரைந்து, ஆளுநர் மறுத்தால் மறுத்த திகதியைப் பதிந்து, திருத்தி, மீண்டும் அனுப்பும் சலிப்பான வேலையைவிட, தீர்மானம் நிறைவேற்றும் வேலையே அந்தச் சபையில் பன்மடங்கு நடந்தது.

தீர்மானங்களை அவ்வளவு எளிதாகத் தள்ள முடியாது என்றும் சொல்வார்கள். 2015 பெப்ரவரி 10ஆம் திகதி இனப்படுகொலைத் தீர்மானம் ஏகமனதாக நிறைவேறியது. இலங்கைத் தமிழரால் தெரிவு செய்யப்பட்ட ஒரு சட்டபூர்வமான அவை, காரணங்களை அடுக்கி, அப்படியொரு ஆவணத்தைப் பதிந்தது வரலாற்றில் அதுவே முதல் தடவை. அதை எழுதியதில் ஒரு நீதியரசரின் கை தெரிகிறது. ஒரு கட்சிப் பேச்சாளர் எழுதியிருந்தால் உலகம் அதைப் படித்திருக்காது. ஒப்புக்கொள்கிறேன். அவருடைய ஐந்து ஆண்டுகளில் நிலைத்து நிற்கப்போவது அந்த ஒன்றாகவே இருக்கலாம். ஆனால் அது எந்த வகை வேலை என்று பாருங்கள். சாட்சியங்களைத் திரட்டி, காரணம் காட்டி, முடிவு எழுதுவது. அவருக்கு வந்த வேலையை அவர் நன்றாகச் செய்தார். 2015 டிசம்பரில் தமிழ் மக்கள் பேரவையில் இணைத்தலைவரானதும், 2016 செப்ரெம்பரில் எழுக தமிழ் பேரணி மேடையில் நின்றதும் அந்த வழியிலேயே அமைந்தவை. மக்களின் சார்பில் ஒரு நிலைப்பாட்டை உரத்துச் சொல்பவர் ஒருவர் வேண்டும். அவர் முதலமைச்சர் கதிரையில் இருந்துதான் சொல்ல வேண்டும் என்பதில்லை. ஒருவரே இரண்டையும் செய்ய வெளிக்கிட்டபோது, மேடைக்குப் போன நேரமெல்லாம் சபையிலிருந்து எடுக்கப்பட்ட நேரமாயிற்று.

பேரம் என்று சொல்லும்போது கொழும்போடு மட்டும் பேசுவதை நினைக்க வேண்டாம். தண்ணீரூற்றையும் நீராவிப்பிட்டியையும் எடுத்துக்கொள்ளுங்கள். 1990 ஒக்ரோபரில் விடுதலைப் புலிகள் வடக்கிலிருந்து முஸ்லிம்களை வெளியேற்றியபோது இந்த ஊர்களின் முஸ்லிம் குடும்பங்களும் கையில் கொண்டுபோகக்கூடியதை மட்டும் எடுத்துக்கொண்டு போனார்கள். இருபது ஆண்டுகளுக்குப் பிறகு திரும்பியபோது குடும்பங்கள் பெருகியிருந்தன, காணி பெருகவில்லை. திரும்பி வந்தவருக்குப் புதிதாகக் காணி வேண்டும். பக்கத்தில் காணியற்ற தமிழ்க் குடும்பமும் இருக்கிறது. இடையில் வனத் திணைக்களத்தின் எல்லைக் கல். யார் பக்கம் நியாயம் என்று ஒரு தீர்ப்பு எழுதி முடிக்கக்கூடிய பிணக்கல்ல இது. எல்லாப் பக்கத்திலும் நியாயம் இருக்கிறது. பள்ளிவாசல் நிர்வாகத்தையும் கோயில் சபையையும் கிராம அலுவலரையும் ஒரே மேசையில் இருத்தி, ஒவ்வொரு துண்டாகப் பேசித் தீர்க்க வேண்டியது. கூட்டமைப்பு தன் போனஸ் ஆசனங்களில் ஒன்றை முஸ்லிமான அய்யூப் அஸ்மினுக்குக் கொடுத்தது நல்ல தொடக்கம். அந்தத் தொடக்கத்தை முல்லைத்தீவுக் காணிவரை கொண்டுவர மாகாண சபையால் முடியவில்லை.

அப்படியானால் கட்சிக்காரரையே முதலமைச்சராக்கியிருக்க வேண்டுமா, விசாரணைக் குழு குறை கண்டது கட்சிகள் அனுப்பிய அமைச்சர்கள் மீதுதானே என்று கேட்கலாம். கட்சியில் நீண்ட காலம் இருந்தார் என்பதும் தனியே ஒரு தகுதியாகாது. நான் சொல்வது வேறு. அதே 2013 பட்டியலில் முல்லைத்தீவிலிருந்து தெரிவான துரைராசா ரவிகரனை எடுத்துக்கொள்வோம். அமைச்சர் பதவி எதுவும் இல்லாத சாதாரண உறுப்பினர். கொக்குத்தொடுவாய்க் காணி, நாயாற்று மீன்பிடி, குருந்தூர்மலை என்று பிணக்கு எழுந்த இடங்களுக்கெல்லாம் போய் நின்றார். குருந்தூர்மலை விகாரைக் கட்டுமானத்துக்கு எதிரான போராட்டத்துக்காக 2022இல் கைதாகிப் பிணையில் வந்தார். 2024 நவம்பரில், தேசிய மக்கள் சக்தி யாழ்ப்பாணத்தில் 6இல் 3 ஆசனங்களையும் வன்னியில் இரண்டையும் எடுத்த அந்தத் தேர்தலில், வன்னியில் தமிழரசுக் கட்சிக்குக் கிடைத்த ஒரே ஆசனத்தில் அவர் நாடாளுமன்றம் போனார். முதலமைச்சரின் அரசியல் இறங்கிய அதே காலத்தில், அவருடைய சபையின் பின்வரிசை உறுப்பினர் ஒருவரின் அரசியல் ஏறியிருக்கிறது. ரவிகரனின் ஒவ்வொரு நிலைப்பாட்டோடும் உடன்பட வேண்டியதில்லை. அவருடைய வாக்கு அவர் போய்ச் சேர்ந்த ஊர்களில் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்ந்த வாக்கு. யாரும் கொண்டுவந்து கொடுத்ததல்ல.

நீதிபதி மீது எமக்கு இருக்கும் மோகத்துக்கும் காரணம் உண்டு, அதையும் மறைக்கக் கூடாது. தண்ணீரூற்றிலிருந்து குமுழமுனைப் பக்கம் போனால் வரும் குருந்தூர்மலையில், தொல்லியல் திணைக்களம் விகாரைக் கட்டுமானத்தைத் தொடர்ந்தபோது, தடுத்து எழுதப்பட்ட ஒரே அரச ஆவணம் முல்லைத்தீவு நீதிமன்றத்தின் கட்டளை. 2023 ஜூலையில் நீதிபதி த.சரவணராஜா மலையில் நேரடிப் பார்வையிட்டபோது, அங்கு வந்து நின்று பேச முயன்ற நாடாளுமன்ற உறுப்பினர் சரத் வீரசேகரவுக்கு இடமளிக்கவில்லை. அதே மாதம் அந்த உறுப்பினர் நாடாளுமன்றச் சிறப்புரிமையின் நிழலில் நின்று நீதிபதியைத் தாக்கிப் பேசினார். ஓகஸ்ட் 31ஆம் திகதி, கட்டளையை மீறிக் கட்டுமானம் நடந்திருக்கிறது என்று நீதிபதி தீர்மானித்தார். செப்ரெம்பர் 23ஆம் திகதியிட்ட கடிதத்தில் உயிரச்சுறுத்தலைக் காரணமாகச் சொல்லிப் பதவி விலகி நாட்டை விட்டே போனார். இப்படிப்பட்ட மாவட்டத்தில் நீதிபதி என்ற சொல்லுக்கு மரியாதை இருப்பதில் வியப்பில்லை. ஆனால் அந்த மரியாதையின் ஊற்று எது? அவர் யாரிடமும் வாக்குக் கேட்கப் போவதில்லை என்பது. நாளை நீதிபதிகள் வேட்பாளராவது வழக்கமாகிவிட்டால், வீரசேகர போன்றவர்களுக்கு வாதம் தேடும் சிரமமே இருக்காது: இந்தக் கட்டளை அடுத்த தேர்தலுக்கான துண்டுப்பிரசுரம் என்று சொல்லிவிட்டுப் போவார்கள்.

இந்தியாவில் இது நடந்து முடிந்துவிட்டது. கல்கத்தா உயர் நீதிமன்றத்தில் மேற்கு வங்க அரசுக்கு எதிராகப் பரபரப்பான கட்டளைகள் போட்டுவந்த அபிஜித் கங்கோபாத்யாய 2024 மார்ச் 5இல் பதவி விலகினார். இரண்டு நாளில் பாரதிய ஜனதாவில் சேர்ந்தார். அந்த ஆண்டே தம்லுக் தொகுதியில் வென்றார். அவர் போட்ட கட்டளைகள் சரியாகவே இருந்திருக்கலாம்; இனி அவற்றை யாரும் சந்தேகமில்லாமல் படிக்க முடியாது. இதற்கும் முன்னோடி உண்டு. இந்தியப் பிரதம நீதியரசராக இருந்த சுப்பாராவ் 1967இல் பதவியை விட்டு இறங்கி எதிர்க்கட்சிகளின் குடியரசுத் தலைவர் வேட்பாளராக நின்று ஜாகிர் உசேனிடம் தோற்றார். எதிர்த்திசையில் போனவர் வி.ஆர்.கிருஷ்ணய்யர்: 1957இல் கேரளத்தில் அமைச்சர், 1968இல் நீதிபதி, 1973 முதல் 1980 வரை உச்ச நீதிமன்றத்தில். சபையையும் கட்சியையும் சனத்தையும் பார்த்துவிட்டு அவர் நீதிமன்றம் போனார். அவருடைய தீர்ப்புகளில் சிறைக் கைதியும் கூலித் தொழிலாளியும் உயிரோடு நடமாடினார்கள். இந்த ஒப்பீட்டில் விக்னேஸ்வரனுக்கு ஒரு நியாயம் செய்தாக வேண்டும். ஓய்வுக்கும் வேட்புமனுவுக்கும் இடையில் ஒன்பது ஆண்டுகள் விட்டவர் அவர். அவருடைய தீர்ப்பு எதையும் வாக்குக்காக எழுதியது என்று எவரும் சொன்னதில்லை.

எமது சட்டத்தில் ஒரு வேடிக்கை இருக்கிறது. உயர் நீதிமன்றத்திலோ மேன்முறையீட்டு நீதிமன்றத்திலோ நிரந்தர நீதியரசராக இருந்த ஒருவர், ஓய்வுக்குப் பிறகு ஒரு சாதாரண வழக்கில் சட்டத்தரணியாக நிற்க வேண்டுமென்றால், அரசியலமைப்பின் 110ஆம் உறுப்புரையின்படி ஜனாதிபதியின் எழுத்துமூல அனுமதி வேண்டும். தேர்தலில் நிற்க யாரிடமும் அனுமதி வேண்டாம். பதவியில் இருக்கும்வரைதான் தடை. கட்டணம் வாங்கிக்கொண்டு வாதாடுவதைவிட வாக்குக் கேட்பது நீதித்துறைக்குக் குறைந்த ஆபத்து என்று இந்த ஏற்பாட்டை எழுதியவர்கள் நினைத்திருக்கிறார்கள். சரவணராஜாவுக்கு நடந்ததைப் பார்த்த பிறகு அந்த எண்ணத்தை மாற்ற வேண்டும். ஓய்வுக்கும் வேட்புமனுவுக்கும் இடையில் குறைந்தது மூன்று ஆண்டு இடைவெளி சட்டமாக வேண்டும். முழுத் தடை வேண்டாம். ஓய்வுபெற்ற நீதிபதியும் குடிமகன்தான், அவருடைய உரிமையைப் பறிக்க எமக்கு உரிமையில்லை.

சட்டம் வரும்வரை கட்சிகள் தாமே செய்யக்கூடியது ஒன்று உண்டு. வெளியிலிருந்து ஒருவரைக் கொண்டுவருவதானால் முதலமைச்சர் வேட்பாளராகக் கொண்டுவர வேண்டாம். கரைதுறைப்பற்றுப் பிரதேச சபையிலோ நல்லூர்ப் பிரதேச சபையிலோ ஒரு தவணை சாதாரண உறுப்பினராக இருக்கட்டும். குப்பை உழவு இயந்திரத்துக்கு டீசல் கணக்குப் பார்க்கட்டும். சந்தைக் குத்தகையில் மூன்று கட்சிக்காரரோடு ஒத்துப்போகட்டும். தன் பிரேரணை தோற்பதைப் பார்த்துக்கொண்டு மறுமாதமும் கூட்டத்துக்கு வரட்டும். உயர் நீதிமன்றத்தில் இருந்தவரைப் பிரதேச சபையில் இருத்துவது அவமரியாதை என்று நினைப்பவர், வாக்காளரை என்னவாக நினைக்கிறார் என்று கேட்க வேண்டியிருக்கும். வாக்காளர் கேட்க வேண்டிய கேள்வியும் பெரிதல்ல. உங்கள் மேசையில் எத்தனை நியதிச் சட்ட வரைவுகள் தயாராக இருக்கின்றன? உங்கள் பட்டியலில் உள்ளவர்களில் எத்தனை பேரோடு இதுவரை உட்கார்ந்து பேசியிருக்கிறீர்கள்? முல்லைத்தீவுக்கு அமைச்சர் யார்? இவற்றுக்குப் பதில் இல்லாதவர் எவ்வளவு உயர்ந்த பதவியிலிருந்து வந்தாலும் வாக்குக் கொடுக்க வேண்டாம்.

வடமாகாண சபையின் ஆயுள் 2018 ஒக்ரோபரில் முடிந்தது. 2017இல் தேர்தல் முறையை மாற்றச் சட்டம் கொண்டுவந்தார்கள். அதற்கான எல்லை நிர்ணய அறிக்கையை 2018 ஓகஸ்டில் நாடாளுமன்றமே தோற்கடித்தது. பழைய முறையில் நடத்தவும் வழியில்லாமல், புதிய முறையில் நடத்தவும் வழியில்லாமல் தேர்தல் கிடப்பில் போனது. முதலமைச்சர் வேட்பாளர் யார் என்ற கேள்வியைக் கட்சிகள் கொஞ்சம் ஒத்திவைத்துவிட்டு, அந்தச் சட்டத்தைத் திருத்தித் தேர்தல் திகதியை அறிவிக்கும்படி முதலில் அரசைக் கேட்கட்டும்.